வெண்பனிக்குள் புதைந்த வீடு: தட்சிண கங்கோத்ரி முதல் பாரதி வரை

செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்பாக்கத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே அமைந்துள்ள புதுப்பட்டினத்தின் கடற்கரை, கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையைச் சற்றே தாண்டிய இடத்தில் இருக்கிறது. வடதுருவத்தையும் தென்துருவத்தையும் இணைப்பதாகக் கொள்ளப்படும் அந்தக் கற்பனைக் கோட்டின் வழியே உலகப் படத்தில் தெற்கு நோக்கிச் சென்றால், இலங்கையைக் கடந்தபின் வேறு நிலம் எதுவும் குறுக்கிடுவதில்லை. ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் தொலைவில் அண்டார்க்டிகாவின் இங்கிரிட் கிறிஸ்டென்சன் கரையே வந்து நிற்கிறது. அதே கரையில், இந்தக் கோட்டுக்கு நான்கு பாகை மேற்கே, இந்தியாவின் மூன்றாவது அண்டார்க்டிக் ஆய்வு நிலையமான ‘பாரதி’ 2012 முதல் இயங்கி வருகிறது. துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கி வருவதால், அங்கே நான்கு பாகை என்பது சுமார் 150 கிலோமீட்டர் தொலைவுதான். ஆகவே சோழமண்டலக் கரைக்கு நேர் எதிர்க்கரை எது என்று கேட்டால், புவியியல்படி தரவேண்டிய விடை பனிக்கண்டம் என்பதே.

பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள ஏரிகளில் வெட்டப்பட்ட பனிக்கட்டி, ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகரின் கப்பல்களில் மரத்தூளால் பொதியப்பட்டு மதராஸுக்கு வந்ததும், அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்ததும் சென்ற பகுதியில் கூறப்பட்டன. அங்கே பனியை வெப்பத்திடமிருந்து காப்பதே சிக்கலாக இருந்தது. இப்பகுதி அதன் மறுபுறத்தைச் சொல்கிறது: வெப்பநாட்டில் பிறந்து வளர்ந்த மனிதர்கள் பனி சூழ்ந்த நிலத்தில் தங்க நேர்ந்தபோது தங்கள் உடல் வெப்பத்தை எவ்வாறு காத்துக்கொண்டார்கள், அதற்காக எழுப்பிய உறைவிடங்களுக்கு என்ன நேர்ந்தது, அந்த அனுபவம் பின்வந்த கட்டடங்களை எவ்வாறு மாற்றியது என்பது இங்கே ஆராயப்படுகிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சில விளக்கங்கள் தேவை. வானிலிருந்து மெல்லிய படிகங்களாக விழுந்து படிவதை இத்தொடர் வெண்பனி என்றும், நீர் உறைந்தோ வெண்பனி அமுங்கியோ கெட்டியானதைப் பனிக்கட்டி என்றும் குறிக்கிறது. இரண்டும் ஒரே நீரால் ஆனவை என்றாலும் வெப்பத்தைக் கடத்தும் திறனில் அவற்றுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு. புதிதாக விழுந்த வெண்பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்றுதான். படிகங்களுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் அந்தக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. வெப்பக்கடத்துதிறனை அளக்கும் வழக்கமான அலகில் பனிக்கட்டிக்கு ஏறக்குறைய 2.2 என்று மதிப்பு வந்தால், புதுவெண்பனிக்கு 0.1க்கும் குறைவாகவே வருகிறது. மதராஸ் பனிக்கட்டியை மரத்தூள் காத்ததும் இதே முறையில்தான்: மரத்தூளுக்குள் சிறைப்பட்ட காற்று வெளியிலிருந்த வெயிலை உள்ளே விடவில்லை, வெண்பனிச் சுவருக்குள் சிறைப்பட்ட காற்று உள்ளிருப்பவரின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

ஆனால் புதுவெண்பனி சுவராக நிற்காது. காற்று அடித்துக் குவித்து, படிகங்களை உடைத்து நெருக்கி, ஒரு கனமீட்டர் 300 முதல் 400 கிலோகிராம் வரை எடைகொள்ளுமாறு இறுக்கிய வெண்பனியே கட்டுமானத்துக்கு ஏற்றது. அந்த நிலையிலும் அதில் பாதிக்கு மேல் காற்று எஞ்சியிருப்பதால், வெப்பக்காப்பும் வலுவும் ஒருங்கே கிடைக்கின்றன. கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள் இந்த உண்மையை எந்தக் கருவியும் கொண்டு அளக்காமலே கண்டறிந்து, அதன்மேல் ஒரு கட்டடக்கலையை வளர்த்தெடுத்தனர். ‘இக்ளூ’ என்று உலகம் அறிந்துள்ள பனிவீடு அதன் விளைவு.

இனுயிட் வேட்டையாளர் முதலில் நீண்ட மெல்லிய கோலால் தரையைக் குத்திப் பார்ப்பார். கோல் ஒரே சீரான தடையுடன் இறங்கினால், அந்த வெண்பனி ஒரே புயலில் படிந்தது என்று பொருள். இடையிடையே தடை மாறினால் பல புயல்களின் அடுக்குகள் உள்ளன என்றும், வெட்டிய கட்டி அடுக்கு அடுக்காகப் பிளந்துவிடும் என்றும் பொருள். இடம் தேர்ந்ததும், எலும்பாலோ தந்தத்தாலோ ஆன நீண்ட பனிக்கத்தியால் கட்டிகளை வெட்டி வட்டமாக அடுக்குவார். முதல் வரிசையின் மேல்விளிம்பைச் சாய்வாகச் சீவிவிடுவதால், அடுத்த வரிசை தனி வளையமாக அமையாமல் சுருளாக மேலேறும். இந்தச் சுருள் அமைப்பில் ஒவ்வொரு கட்டியும் கீழுள்ளதன்மேலும் பக்கத்தில் உள்ளதன்மேலும் சாய்ந்து நிற்பதால், சாரமோ தாங்குகாலோ இல்லாமல் ஒருவர் உள்ளே நின்றபடியே கூரையை மூடிவிட முடிகிறது. கவனமாகக் கட்டிய இக்ளூவின் வளைவு அரைக்கோளத்தைவிடச் சற்று எழுந்திருக்கும். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் கிடைக்கும் வளைவை ஒத்த அவ்வடிவத்தில் சுமை முழுவதும் அழுத்தமாகவே கீழிறங்குகிறது. இழுவிசையைத் தாங்க இயலாத பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

நுழைவாயில் தரைமட்டத்துக்குக் கீழே சுரங்கம்போல் அமைவதும், படுக்கும் மேடை வாயிலைவிட உயரத்தில் இருப்பதும் இக்கட்டடக்கலையின் உயிர்நாடி. கனமான குளிர்காற்று தாழ்ந்த வாயிலில் தங்கிவிட, மனித உடல்களும் கடல்நாய்க் கொழுப்பில் எரியும் கல்விளக்கும் தரும் வெப்பம் மேடையைச் சூழ்ந்து நிற்கும். வெளியே உறைநிலைக்குக் கீழ் 40 பாகை இருக்கும்போதும் உள்ளே உறைநிலையை ஒட்டிய வெப்பம் நிலவுவது இதனால்தான். சில நாட்களில் உட்சுவர் சற்றே உருகி மீண்டும் உறைந்து கண்ணாடிபோன்ற பூச்சாகிவிடுகிறது. அது சுவருக்கு வலுவைக் கூட்டுகிறது. அதே வேளையில் காற்று ஊடுருவிச் செல்வதையும் தடுத்துவிடுகிறது. எனவே கூரையில் ஒரு சிறு துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது இனுயிட் இல்லங்களின் மாறாத விதி. இந்தத் துளையின் தேவை இப்பகுதியில் மீண்டும் மீண்டும் எழப்போகிறது.

காற்றால் இறுகிய வெண்பனி கிடைக்காத காட்டுப்பகுதிகளில் வேறு முறை தோன்றியது. தளர்ந்த வெண்பனியை ஆளுயரக் குவியலாகக் குவித்து, சில மணி நேரம் விட்டுவிட்டால், கலைக்கப்பட்ட துகள்கள் தொடும் இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து குவியல் முழுவதும் தானே இறுகிவிடும். பிறகு உட்புறத்தைக் குடைந்தால் அறை தயார். குடையும்போது சுவர் எங்கே மெலிகிறது என்பதை அறிய, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள குச்சிகளை வெளியிலிருந்தே குவியலில் செருகிவைப்பார்கள். குச்சியின் நுனி தென்பட்டதும் அவ்விடத்தில் குடைவதை நிறுத்த வேண்டும். வட அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து வந்த இம்முறையும், மலைச்சரிவில் காற்று ஒதுக்கிய திடலில் நேரடியாகக் குடையும் பனிக்குகையும், அவசரத்துக்குத் தோண்டி மேலே மூடும் பனிக்குழியும் இன்றைய குளிர்கால முகாம் பயிற்சிகள் பலவற்றிலும் கற்பிக்கப்படுகின்றன. 1948இல் தொடங்கப்பட்ட குல்மர்க் உயர்மலைப் போர்ப்பள்ளி போன்ற இந்தியப் படைப்பயிற்சி நிலையங்களிலும் பனியில் உயிர்காக்கும் கலை அன்றாடப் பாடமே.

ஐரோப்பியர்களில் இக்கலையைக் கேட்டுக் கற்றவர்களும் உண்டு, கேளாமல் துன்புற்றவர்களும் உண்டு. நார்வே நாட்டவரான ரோல்ட் அமுண்ட்சென், 1903 முதல் 1905 வரை ‘யோவா’ என்ற சிறு கப்பலுடன் கனடாவின் வடதீவு ஒன்றில் தங்கியிருந்தபோது நெட்சிலிக் இனுயிட்டுகளிடம் உடை, நாய்வண்டி, பனிவீடு ஆகியவற்றைப் பற்றிப் பாடம் கேட்டார். 1911இல் தென்துருவத்தை அடையும் முயற்சிக்காக அண்டார்க்டிகாவின் திமிங்கில விரிகுடாவில் அவர் நிறுவிய ‘ஃபிராம்ஹெய்ம்’ முகாமில் அப்பாடம் வேறு வடிவில் பலன் தந்தது. நார்வேயிலிருந்து கொண்டுவந்து இணைத்த மரவீட்டைச் சுற்றிப் புயல்கள் வெண்பனியைக் குவித்தபோது, அதை அள்ளி அள்ளிச் சோர்வதற்குப் பதிலாக, அக்குவியல்களுக்குள்ளேயே சுரங்கங்களைக் குடைந்து தச்சுப்பட்டறை, கொல்லுலை, நீராவிக் குளியலறை, கிடங்கு என்று ஒரு நிலத்தடிக் குடியிருப்பையே ஒன்பது பேரும் உருவாக்கிக்கொண்டார்கள். வெண்பனி அங்கே பகையாகவும் கட்டுமானப் பொருளாகவும் ஒருங்கே இருந்தது. ஆனால் அந்த முகாமின் தேவை ஓராண்டுக்கு மேல் நீளவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

அதே காலத்தில் ராபர்ட் ஸ்காட்டின் ஆங்கிலேயப் பயணத்தைச் சேர்ந்த விக்டர் கேம்ப்பெல் தலைமையிலான ஆறு பேர், அழைத்துச் செல்ல வேண்டிய கப்பல் உறைகடலால் நெருங்க முடியாமற்போனதால், 1912ஆம் ஆண்டின் குளிர்காலம் முழுவதையும் ஒரு பனிக்குகையில் கழிக்க நேர்ந்தது. ஏறத்தாழ 12 அடி நீளமும் 9 அடி அகலமும் கொண்ட அக்குகையில் நடுத்தர உயரமுள்ளவரும் நிமிர்ந்து நிற்கச் சிரமப்பட வேண்டும். கொழுப்பு அடுப்பின் கரியும் புகையும் உடலையும் உடையையும் மூடின. உணவு கடல்நாய், பென்குவின் இறைச்சியாகவே இருந்தது. மார்ச் மாதம் புகுந்தவர்கள் செப்டம்பர் இறுதியில் வெளியேறி, நவம்பரில் ஆறு பேரும் உயிருடன் தளமுகாமை வந்தடைந்தார்கள். துணிக்கூடாரத்தில் இருந்திருந்தால் அந்தக் காற்றுக்கு ஒருவரும் தப்பியிருக்க முடியாது.

இந்தியா இக்களத்துக்கு வந்தது மிகப் பிந்தியே. 1981 ஜூலையில் கடல் மேம்பாட்டுத் துறை தொடங்கப்பட்டு, அதன் செயலாளரான கடலியல் அறிஞர் எஸ்.இஸட்.காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் குழு அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வேக் கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கியது. இரண்டாம் குழுவை இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பனியாற்று வல்லுநர் வி.கே.ரைனா நடத்திச் சென்றார். 1983 ஆகஸ்டில் இந்தியா அண்டார்க்டிக் உடன்படிக்கையில் இணைந்து, செப்டம்பரில் அதன் ஆலோசனை உரிமை பெற்ற நாடாகவும் ஆனபின், நிலையான தளம் அமைக்கும் பொறுப்பு ஹர்ஷ் குப்தா தலைமையிலான மூன்றாம் குழுவிடம் விடப்பட்டது. 81 பேர் கொண்ட அக்குழுவில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா ஆகிய இருவரும் அக்கண்டத்தில் காலடி வைத்த முதல் இந்தியப் பெண் அறிவியலாளர்கள்.

இந்தியத் தரைப்படையினரின் துணையுடன், முன்னரே செய்து கொண்டுபோன பகுதிகளை இணைத்து, சுமார் எட்டு வாரங்களில் ‘தட்சிண கங்கோத்ரி’ எழுப்பப்பட்டது. 1984 ஜனவரி 26 அன்று அண்டை நிலையங்களிலிருந்த சோவியத், கிழக்கு ஜெர்மானிய அறிவியலாளர்களையும் அழைத்து அங்கே குடியரசு நாள் கொண்டாடப்பட்டது. புதுப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை வணிக மின்னுற்பத்தியைத் தொடங்கியது அதற்கு மறுநாள், ஜனவரி 27. அந்த வாரத்தில் தொழில்நுட்பத் தன்னம்பிக்கை பற்றிய செய்திகளுக்குக் குறைவிருந்திருக்காது. பிப்ரவரியில் தட்சிண கங்கோத்ரியில் அஞ்சலகமும் திறக்கப்பட்டது. கோடை முடிந்து கப்பல் திரும்பியபின், படைத்துறை அதிகாரி எஸ்.எஸ்.சர்மா தலைமையில் 12 பேர் பின்தங்கி, கதிரவன் ஏறத்தாழ இரண்டு மாதம் எழாத துருவ இரவையும் கடந்து, அக்கண்டத்தில் முழுக் குளிர்காலத்தைக் கழித்த முதல் இந்தியக் குழுவினர் ஆனார்கள்.

தளம் அமைந்த இடமே பின்னர் அதன் வாழ்நாளை முடிவு செய்தது. தட்சிண கங்கோத்ரி பாறையின் மேல் நிற்கவில்லை. இளவரசி ஆஸ்ட்ரிட் கரையை ஒட்டிய பனித்தட்டின் மேல், அதாவது நிலத்திலிருந்து வழிந்து கடல்மேல் மிதக்கும் தடித்த பனிக்கட்டிப் பரப்பின் மேல் நின்றது. கப்பல் அத்தட்டின் விளிம்பிலேயே நின்று சரக்கை இறக்க முடிந்தது என்பதும், குறுகிய கோடைக்குள் வேலையை முடிக்க வேண்டியிருந்தது என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்களாக இருந்தன என்று கருத இடமுண்டு. ஆயினும் அதே வட்டாரத்தில் சோவியத் நாடு பெற்ற பாடம் கண்ணெதிரே இருந்தது: 1959இல் பனித்தட்டின் மேல் தொடங்கிய லாசரெவ் நிலையத்தை இரண்டே ஆண்டுகளில் மூடிவிட்டு, 1961இல் கண்டத்தின் உட்புறப் பாறைவெளியில் புதிய லாசரெவ்வை அவர்கள் நிறுவியிருந்தார்கள். எட்டு வாரச் சாதனையைப் பாராட்டும்போது, அச்சாதனையின் விலையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

பனிப்புயலில் விழும் வெண்பனியைவிடத் தரையோடு ஊர்ந்து வரும் வெண்பனியே கட்டடங்களுக்குப் பெருந்தீங்கு. காற்று ஒரு வேகத்தைத் தாண்டியதும் தரைமேல் உள்ள துகள்களைக் கிளப்பி உருட்டிச் செல்கிறது. எதிரே சுவர் ஒன்று நின்றால், அதன் மறைவில் காற்றின் வேகம் தளர்ந்து, சுமந்து வந்தது அங்கேயே படிகிறது. படிந்த திடல் தானே ஒரு தடையாகி மேலும் வெண்பனியைச் சேர்க்கிறது. இந்நிகழ்வை விளங்கிக்கொள்ளச் செங்கல்பட்டுக் கடற்கரையினர் துருவம் வரை செல்ல வேண்டியதில்லை. சவுக்குத் தோப்புகளின் ஓரத்தில் மணல்மேடு உயர்வதும் இதே விதிப்படிதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டின் துணையால் சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த முருகன் கோயில் பல நூற்றாண்டுகள் மணலுக்கடியில் கிடந்தது. வேறுபாடு காலத்தில்தான்: மணலுக்குத் தலைமுறைகள் தேவைப்பட்டன, அண்டார்க்டிக் வெண்பனிக்கு ஐந்தாறு ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன.

தட்சிண கங்கோத்ரியில் அதுவே நடந்தது. ஆண்டுதோறும் உயர்ந்த வெண்பனி 1988-89 வாக்கில் நிலையத்தைப் பெரும்பாலும் மூடிவிட்டது. புதைந்த கட்டடம் ஒருவகையில் பனிக்குகையின் நன்மையைப் பெறுவது உண்மையே. காற்று அதைத் தாக்குவதில்லை, குளிரும் மட்டுப்படுகிறது. ஆனால் தானே வளைந்து சுமையைத் தாங்கும் இக்ளூவின் வடிவம் மரப்பலகைப் பெட்டிக்குக் கிடையாது. அமுங்கும் வெண்பனி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மெல்ல மெல்ல நகர்ந்து அழுத்துகிறது. சுவர்கள் வளைகின்றன, கதவுகள் திறக்க மறுக்கின்றன, புகைபோக்கியையும் வழியையும் நாள்தோறும் நீட்டிக்க வேண்டியிருக்கிறது. கிரீன்லாந்தில் 1959இல் அமெரிக்கப் படை பனிக்கடியில் தோண்டிய ‘கேம்ப் செஞ்சுரி’ சுரங்க நகரம் சுவர்கள் நெருங்கி வந்ததால் பத்தாண்டுக்குள் கைவிடப்பட்டது. ஓசோன் படலத்தில் துளை விழுந்திருப்பதை 1985இல் உலகுக்கு அறிவித்த ஆய்வுக்கு அளவீடுகளைத் தந்த பிரிட்டனின் ஹாலி நிலையமும் 1956 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்து, ஐந்தாம் முறை உயர்த்தக்கூடிய எஃகுக் கால்களின் மேலும், ஆறாம் முறை சறுக்குப்பலகை பொருத்திய கால்களின் மேலும் கட்டப்பட்டது. எனவே தட்சிண கங்கோத்ரி புதைந்ததை இந்தியாவின் தனித்தோல்வியாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் பிறர் பட்டறிந்ததை நாமும் ஒருமுறை பட்டறிந்தோம் என்று சொல்வது பொருந்தும்.

மாற்றிடமாக, கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, ஷிர்மாக்கர் பாறைவெளியில் ‘மைத்ரி’ 1989இல் எழுந்தது. சுற்றிலும் பனிக்கட்டி இருக்க நடுவே சுமார் 35 சதுர கிலோமீட்டர் பரப்பில் வெறும் பாறையும் நன்னீர் ஏரிகளுமாகக் கிடக்கும் அவ்வெளியில், பிரியதர்ஷினி ஏரிக்கரையில், கட்டடம் கால்களின் மேல் உயர்த்தி அமைக்கப்பட்டது. கீழே இடைவெளி இருந்தால் அதன் வழியே காற்று விரைந்து செல்கிறது. விரைவு குறையாத காற்று சுமையை இறக்கிவைப்பதில்லை. அஞ்சலகமும் 1990 ஜனவரி 26 அன்று அங்கே மாற்றப்பட்டது. தட்சிண கங்கோத்ரி சரக்குக் கிடங்காகவும் இடைத்தங்கல் முகாமாகவும் சுருங்கியது.

நிலையம் இடம்பெயர்ந்த அதே கோடையில்தான் இந்தியப் பயணங்களின் மிகத் துயரமான நிகழ்வும் நேர்ந்தது. மைத்ரிக்குத் தெற்கே ஹம்போல்ட் மலைத்தொடரில் முகாமிட்டிருந்த ஒன்பதாம் பயணக்குழுவினர் நால்வர், அதாவது நிலவியல் ஆய்வகத்தின் அறிவியலாளர் மூவரும் கடற்படையின் தகவல்தொடர்புப் பணியாளர் ஒருவரும், 1990 ஜனவரி 8 அன்று உயிரிழந்தார்கள். அவர்களைக் கொன்றது குளிரன்று. மூடிய உறைவிடத்தில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு. போதிய காற்றின்றி எரியும் எந்த எரிபொருளும் வெளியிடும் இவ்வளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உயிர்வளி ஏறவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இது பிடித்துக்கொள்வதால், தலைவலியும் உறக்கமும் வந்த பின் எழுந்து கதவைத் திறக்கும் வலுவே இருப்பதில்லை. அவ்விடத்தில் நாட்டப்பட்ட நினைவுப்பலகை, முதல் குழு இறங்கிய இடத்தின் பலகையைப் போலவே, அண்டார்க்டிக் உடன்படிக்கையின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. குளிரைத் தடுப்பதற்காக ஒவ்வோர் இடுக்கையும் அடைப்பது மனித இயல்பு. இனுயிட்டுகளின் கூரைத்துளை அந்த இயல்புக்கு எதிராக விதிக்கப்பட்ட கட்டளை.

காரகோரம் மலைகளில் இந்திய வீரர்களின் பனிவாழ்வு இதற்கு இணையாகவே தொடங்கியது. 1984 ஏப்ரல் 13 அன்று ‘மேகதூத்’ நடவடிக்கையின் மூலம் சியாச்சின் பனியாற்றின் மேட்டு நிலைகளை இந்தியப் படை கைக்கொண்ட நாள் முதல், நீலகிரியின் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட் உள்ளிட்ட பல படைப்பிரிவுகள் முறைவைத்து அங்கே தங்கி வருகின்றன. இழைக்கண்ணாடிக் குடில்களும் துருவக் கூடாரங்களும் மண்ணெண்ணெய் அடுப்புமாகக் கழியும் அவ்வாழ்வில், பாறைவெளியைத் தேடி இடம்பெயரும் உரிமை கிடையாது. எல்லைக்கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் உறைவிடம். 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் சோனம் காவல்நிலையின் மேல் பனிச்சுவர் சரிந்து, 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள் புதையுண்டனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறாம் நாள், ஏறத்தாழ 25 அடி ஆழத்தில், கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்தவரான லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் மீட்கப்பட்டார். நசுங்கிய கூடாரத்துக்குள் எஞ்சிய காற்றும், சுற்றிலும் இருந்த வெண்பனியின் வெப்பக்காப்பும் அவ்வளவு நாள் அவரைக் காத்தன என்பதே பொருந்தும் விளக்கம். தில்லி படைமருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவர் காலமானார்.

மூன்றாவது நிலையமான பாரதி திட்டமிடப்பட்டபோது முந்தைய இரண்டின் பாடங்களும் வரைபடத்தில் ஏறின. லார்ஸ்மன் குன்றுகள் என்ற கடலோரப் பாறைத்திட்டில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதால், கப்பல் அருகில் வரும் வசதியும் உறுதியான தரையும் ஒருங்கே கிடைத்தன. 1984இல் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்த சிக்கல் அங்கே எழவில்லை. 134 சரக்குக் கன்டெய்னர்களே கட்டடத்தின் அறைகளாயின. பொருட்களை ஏற்றி வந்த பெட்டிகளே பின்னர் சுவர்களாக நின்றன. அவற்றை மூடிய வெளிப்போர்வை காற்று வழுக்கிச் செல்லும் வடிவில் சரிவாக அமைந்து, முழுவதும் கால்களின் மேல் உயர்ந்து நிற்கிறது. 2012 மார்ச் 18 அன்று செயல்படத் தொடங்கிய இந்நிலையத்தின் முதன்மைக் கட்டடத்தில் கோடையில் 47 பேர் தங்கலாம். கோவாவின் வாஸ்கோடகாமாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் மைத்ரியையும் பாரதியையும் நிர்வகிக்கிறது. கட்டடக்கலை என்ற அளவில் பாரதியே இந்தியா பனிநிலத்தில் எழுப்பியவற்றுள் சிறந்தது. வெண்பனியை எதிர்த்து நிற்காமல் அதற்கு வழிவிடுவதால் அது சிறந்தது.

நிலையங்கள் பாறைக்கு ஏறிவிட்டபோதிலும், அவற்றிலிருந்து களப்பணிக்குச் செல்வோரும், மலையேறுவோரும் இன்றும் கூடாரத்தையும் பனிக்குகையையுமே நம்பியிருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் லடாக்கின் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கும் ‘சாதர்’ பயணத்துக்கும், உத்தராகண்டின் கேதார்காந்தா முகட்டுக்கும் குளிர்காலத்தில் செல்வோரில் தமிழ்நாட்டினரும் கணிசமாக உள்ளனர். பனிக்குகை குடையும் கலையை முறையாகக் கற்க விரும்புவோருக்கு 1954இல் டார்ஜிலிங்கிலும் 1965இல் உத்தரகாசியிலும் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. பயிற்சியின்றி வெறும் படம் பார்த்துக் குடைய முற்படலாகாது. குடைபவர் வியர்வையில் நனைந்துவிட்டால் அந்த ஈரமே இரவில் எமனாகும், வெப்பநிலை உறைநிலையைத் தாண்டும் பகலில் மெலிந்த கூரை இறங்கிவிடும், மண்வெட்டியை வெளியே விட்டுவிட்டு உறங்கியவருக்குப் புயலுக்குப்பின் வழி இராது.

இவ்வகைப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன், கூடாரத்துக்குள் அடுப்போ கணப்போ எரிக்கும் வழக்கம் உண்டா, உண்டென்றால் காற்றுவழி எங்கே இருக்கிறது, இரவில் அதை யார் பார்த்துக்கொள்கிறார் என்ற மூன்று கேள்விகளையும் ஏற்பாட்டாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெளிவான விடை தராதவருடன் செல்லாதீர்கள்.

(தொடரும்)